ஏழாம் சேனல்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கே சாப்பாட்டு மேசை முழுவதும் வாசுவின் டிரோன் சாமான்கள் பரவிக் கிடந்தன. கேமரா, காகிள்ஸ், பேட்டரி, ஏழெட்டு ஸ்குரூடிரைவர். தாமரை காப்பி கோப்பையை வைக்க இடம் தேடிப் பார்த்துவிட்டு, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாத்தையும் கடையில குடுத்துட்டு டிஜிட்டல் வாங்கப் போறேன்," என்றான் வாசு. நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவன் மனைவி தாமரைக்கு ஆச்சரியமாக இருந்தது. போன மாதம் இதே மேசையில் உட்கார்ந்து அவனும் அவள் தம்பி குகனும் இரண்டு மணி நேரம் இதைப் பற்றித்தான் வாதாடினார்கள். குகன் ஓட்டுவது இன்னும் பழைய அனலாக் என்றாலும் அவன் டிஜிட்டல் கட்சி. டிரோன் கேமராவிலிருந்து கண்ணில் மாட்டும் காகிள்ஸுக்கு வரும் படம் அதில் பளிச்சென்று இருக்கும், கல்யாண வீட்டுக்காரர்களுக்கு அங்கேயே போட்டுக் காட்டலாம் என்றான். வாசு அசையவில்லை. பழைய அனலாக்கில் படம் புள்ளி புள்ளியாக இருந்தாலும் தாமதமில்லாமல் வரும்; சிக்னல் குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி எச்சரிக்கும்; டிஜிட்டல் ஒரே நொடியில் உறைந்து நின்றுவிடும், அதற்குள் டிரோன் மரத்தில் தொங்கும் என்று சொல்லிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பதின்மூன்று நாள் ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் போன வாரம் சொன்னோம். கிள்ளானுக்கு வெளியே உள்ள திடலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி டிரோன் ஓட்டிய காலை அது. உயரே போன குகனின் டிரோன் திடீரென்று தடுமாறி, திடலோரம் குடைக்கடியில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்றுக்கொண்டிருந்த தனலெட்சுமியின் மேல் விழுந்தது. இடது மணிக்கட்டு முறிந்தது. எல்லாருடைய கண்ணும் குகன் மேல் போனது. அந்தக் கூட்டத்தில் முறையாகப் பரீட்சை எழுதி ரேடியோ லைசென்ஸ் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். அதற்காக ஒரு வருடம் படித்தான். இப்போது அந்த லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்திலிருந்தே, திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து விளக்கம் சொல்லும்படி கடிதம் வந்திருந்தது. லைசென்ஸ் போய்விட்டால் அவனுடைய வான்வழிப் படப்பிடிப்பு வேலையும் போய்விடும். ஏற்கெனவே இரண்டு கல்யாண வீட்டார் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

வாசு நாற்பது வயது லிப்ட் டெக்னீஷியன். பெட்டாலிங் ஜெயாவில் பாதிக் கட்டடங்களின் லிப்ட்டைக் காதால் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வீட்டுக்குள் அவன் ஒரு நாற்காலியில் முழுதாகப் பத்து நிமிடம் உட்கார்ந்ததை தாமரை பார்க்கவில்லை. குழாயை இறுக்கினான். இறுக்கின குழாயை மறுபடியும் இறுக்கினான். குகனிடமிருந்து போன் வந்தால் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான்.

மச்சான் மேல் உள்ள பாசம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. போன வருடம் வாசு கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் எட்டு மாதம் தனியாக இருந்தபோது, தீபாவளிக்கு முந்தின வாரம் செராஸில் அவன் தங்கியிருந்த அறைக்குப் போய்க் கூட்டி வந்தவன் குகன். தன்னுடைய பழைய டிரோனைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை திடலுக்கு அழைத்துப் போய், வீட்டில் பேச்சை மறுபடியும் தொடங்க வைத்தவனும் அவன்தான். லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் வாசு அவன் பேச்சைக் கேட்கவில்லை. விளையாட்டுச் சாமானுக்கு எதற்குப் பரீட்சை என்று கேலி செய்தான்.

பிரிக்பீல்ட்ஸ் பல் கிளினிக்கில் தாமரை நர்ஸ். அன்று அவளுக்கு விடுமுறை. கடைக்குப் போய்விட்டு அப்படியே ஸ்ரீ கெம்பாங்கானில் குகனைப் பார்த்து வரலாம் என்று சொல்லி, மீன் பொரித்து, சம்பல் அரைத்து டப்பாவில் போட்டுக்கொண்டு அவளும் கிளம்பினாள். வாசு வேண்டாமென்று சொல்லவில்லை. வாவென்றும் சொல்லவில்லை.

கடை பெட்டாலிங் ஜெயாவின் பழைய கடைவரிசை ஒன்றில் முதல் மாடியில் இருந்தது. கடைக்காரர் கமலநாதன் ஐம்பதைத் தாண்டியவர். நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். வாசு டிஜிட்டல் என்றதும் வேலையை நிறுத்திவிட்டு மூன்று பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்தார்.

அவர் விற்கிற அவசரத்தில் இல்லை. எங்கே பறக்கவிடுகிறீர்கள், எத்தனை பேர் சேர்ந்து, படம் பிடிக்கவா வேகத்துக்கா என்று கேட்டார். முதல் பெட்டியில் உள்ளது படத்துக்கு அருமை, ஆனால் சக பைலட் பார்க்க வேண்டுமென்றால் அவரிடமும் அதே கம்பெனி காகிள்ஸ் இருக்க வேண்டும். இரண்டாவதில் தாமதம் குறைவு, படம் சுமார். மூன்றாவது இப்போதுதான் வந்திருக்கிறது, இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்பது அவர் எண்ணம். எதை வாங்கினாலும் இந்த நாட்டில் பயன்படுத்த அனுமதி வாங்கிய லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இன்டர்நெட்டில் யாரோ சொல்கிறார்கள் என்று அனுமதித்த அளவுக்கு மேல் பவரைத் திறந்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்.

அடுத்த மாதம் பரீட்சை, பதிந்துவிட்டேன் என்றான் வாசு. தாமரை திரும்பிப் பார்த்தாள். இது அவளுக்குப் புதுச் செய்தி.

பிறகு அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமான்களை மேசைமேல் வைத்தான். வீடியோ அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் கட்டைவிரல் அளவுதான் இருந்தது. கமலநாதன் அதன் பவர் எவ்வளவு என்று கேட்டார்.

"இருநூறு மில்லிவாட்," என்றான் வாசு.

அவர் அதில் ஆன்டெனாவை மாட்டி, பேட்டரி கொடுத்து, தன் சிறிய திரையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திரையை வாசு பக்கம் திருப்பினார். சேனல் ஏழு. எண்ணூறு.

"இதை நான் எடுத்துக்க முடியாது பாஸ். லேபிள் இல்ல, பவர் ஏத்த விடாத லாக்கையும் யாரோ உடைச்சிருக்காங்க."

சும்மா வாங்கிக் குப்பையில் போட்டாலும் சரி என்றான் வாசு. குரல் சற்று அவசரமாக வந்தது. கமலநாதன் தலையை ஆட்டி, பேட்டரியைக் கழற்றி, அதை அவன் பக்கமே தள்ளிவைத்தார்.

தாமரைக்கு மில்லிவாட் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் சேனல் என்றால் என்னவென்று தெரியும். அன்று திடலில் யாருக்கு எந்தச் சேனல் என்று எழுதும் பலகைக்குப் பொறுப்பாக உட்கார்ந்திருந்தவள் அவள்தான். ஆளுக்கொரு சேனல், துணி காயப்போடும் கிளிப்பில் எண் எழுதியிருக்கும். கிளிப்பை வாங்கிச் சட்டையில் மாட்டிக்கொண்டவர் மட்டும்தான் அந்தச் சேனலில் பவர் கொடுக்கலாம். ஏழாம் எண் கிளிப்பை அவள் குகன் கையில் கொடுத்தாள். வாசு அன்று பறக்கவிடவில்லை. கிளிப் வாங்கவும் இல்லை.

அவள் கமலநாதனிடம் கேட்டாள். "ஒருத்தர் மேல பறந்துட்டு இருக்காரு. கீழே இன்னொருத்தர் அதே சேனல்ல இதை ஆன் பண்ணா என்ன ஆகும் அண்ணே?"

"மேல பறக்குறவரோட காகிள்ஸ்ல அவரு படம் போயிரும். இவரு படம் வந்துரும். ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசுனா யாரு சத்தமா பேசுறாங்களோ அவங்க குரல்தானே கேக்கும், அந்த மாதிரிதான். அந்த நேரத்துல மேல இருக்கிறவருக்குக் கண்ணே தெரியாது."

வாசு இரண்டாவது பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான். படித்து முடித்து, யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, சாமான்களைப் பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு படி இறங்கினான். தாமரை கீழே வந்தபோது காரை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தான்.

வழியில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அன்று குகன் எந்தச் சேனலில் இருந்தான் என்று. ஞாபகமில்லை என்றான் அவன். ஏர்கானைக் கூட்டினான், குறைத்தான். வலது தடத்துக்குப் போய், காரணமில்லாமல் இடது தடத்துக்கு வந்தான். அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் போகும் லோரியின் நம்பரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மனசுக்குள் ஒரு கணக்கு வேகமாக ஓடியது. அது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

குகன் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேலே ஓர் அறையில் இருந்தான். வாசு மேலே வரவில்லை. வண்டி நிறுத்த இடமில்லை, சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்றான். அந்தச் சந்தில் மூன்று இடம் காலியாக இருந்ததை இருவருமே பார்த்தார்கள்.

இருபத்தேழு வயது குகன் கதவைத் திறந்தபோது கண்கள் சிவந்திருந்தன. தினமும் விடிவதற்கு முன்னே எழுந்து காப்பாருக்குப் போய், தனலெட்சுமியின் ஃபிளாட் முன்னால் அவள் கடை மேசையையும் சோற்றுப் பானையையும் தூக்கி வைத்துவிட்டு வருகிறான் என்பது தாமரைக்குத் தெரியும். ஒரு கையால் அவளால் முடியாது என்று சொல்லியிருந்தான். மீன் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துச் சிரித்தான். மாமா வரவில்லையா என்று கேட்டான்.

தாமரை உட்காரவில்லை. அன்றைய காகிள்ஸ் பதிவைப் பார்க்க வேண்டும் என்றாள். பறக்கும்போது கண்ணில் தெரிவதையெல்லாம் காகிள்ஸ் ஒரு சின்னக் கார்டில் பதிந்து வைக்கும். அந்தக் கார்டு கெட்டுவிட்டது என்று குகன் முதல் நாளே எல்லாரிடமும் சொல்லியிருந்தான். இப்போதும் அதையே சொன்னான்.

"பலகை எழுதினது நான், குகா. ஏழு உன்னோடது. மாமாவோட டிரான்ஸ்மிட்டர் இன்னும் ஏழுலதான் இருக்கு. இப்பதான் கடையில பாத்துட்டு வரேன்."

குகன் டப்பாவை மூடினான். கொஞ்ச நேரம் மூடியின் நான்கு பக்கத்தையும் அழுத்திக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து, அலமாரிக்குள் மடித்து வைத்திருந்த வேட்டியின் நடுவிலிருந்து கார்டை எடுத்து லேப்டாப்பில் செருகினான்.

முதலில் திடல். மேலிருந்து பார்த்தால் குடைகளும் கார்களும் தீப்பெட்டி மாதிரி. பின்னர் படம் நடுங்கியது. கோடு கோடாக உடைந்தது. அதற்குப் பிறகு திடல் இல்லை. மங்கலாக ஒரு காரின் உட்புறம் தெரிந்தது. பின்சீட்டில் கட்டம்போட்ட உறை. அது தாமரை தன் கையால் தைத்துப் போட்டது. அதன்மேல் ஒரு கை. ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர். முந்தின நாள் லிப்ட் கேபிள் கிழித்த காயத்துக்கு அன்று காலை அவளே ஒட்டிவிட்ட பிளாஸ்டர். கை கேமராவைத் திருப்பியது. பின்னர் மறுபடியும் கோடுகள், மறுபடியும் திடல். ஆனால் அது இப்போது மிக அருகில் இருந்தது. குடை. படம் முடிந்தது.

மொத்தம் இருபது விநாடிகூட இருக்காது. அவள் இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

"உனக்கு எப்ப தெரியும்?"

"அப்பவே தெரியும்க்கா. நான்தானே பாத்துட்டு இருந்தேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவன் சுற்றி வளைத்துப் பேசினான். மாமா வேண்டுமென்று செய்யவில்லை, புதுச் சாமானை ஆசையாகப் போட்டுப் பார்த்திருக்கிறார், அவருக்கு லைசென்ஸ் இல்லை, விஷயம் பெரிதாகிவிடும், லிப்ட் வேலைக்கான சான்றிதழுக்கும் வில்லங்கம் வரும் என்றான். இதெல்லாம் அவனே பதின்மூன்று நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டவை என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசியில்தான் உண்மையான காரணம் வந்தது.

"மாமா திரும்பி வந்து ஒரு வருஷம்கூட ஆகலக்கா. இது தெரிஞ்சா நீ அவரை என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். அந்த எட்டு மாசம் நீ எப்படி இருந்தேன்னும் எனக்குத் தெரியும்."

தாமரைக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது யார் மேல் என்று அவளால் பிரிக்க முடியவில்லை. கார்டை லேப்டாப்பிலிருந்து எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். தனக்கு எல்லாம் தெரியும் என்பது மாமாவுக்குத் தெரிய வேண்டாம் என்று குகன் கேட்டுக்கொண்டான். அவள் சரியென்று சொல்லாமல் படி இறங்கினாள்.

வாசு பட்டறை வாசலிலேயே காரை நிறுத்தியிருந்தான். எப்படி இருக்கிறான் என்று கேட்டான். இருக்கிறான் என்றாள். காப்பாருக்குப் போங்கள் என்றும் சொன்னாள்.

"காப்பாருக்கு எதுக்கு?"

"அந்த அக்காவுக்குக் கை ஒடஞ்சு ரெண்டு வாரம் ஆகப்போகுது. நாம ஒரு தடவகூடப் போய்ப் பாக்கல."

இன்று வேண்டாம், நாளை பழம் கிழம் வாங்கிக்கொண்டு முறையாகப் போகலாம் என்றான். இன்றைக்குத்தான் என்றாள் அவள். கார்டை எடுத்து அவன் முகத்துக்கு முன்னால் நீட்டுவது எளிது. நீட்டினால் அவன் ஒப்புக்கொள்வான். ஆனால் மாட்டிக்கொண்டதால் ஒப்புக்கொள்வது ஒன்று, தானாகச் சொல்வது வேறொன்று. இந்த மனிதனோடு இனிமேல் எப்படி இருப்பது என்பது அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் சனிக்கிழமை நெரிசல். வாசு இரண்டு தடவை தப்பான திருப்பத்தில் வெளியேறினான். பதினைந்து வருடமாக ஓட்டுகிற சாலை அது.

தனலெட்சுமியின் வீடு மூன்றாவது மாடியில். நாற்பத்தெட்டு வயது, கணவர் இல்லை, மகள் ஜொகூரில். அவள் தரையில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட கையால் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலக்கையால் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். குகனின் அக்கா என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. எழுந்து தேநீர் போடப் போனவளைத் தாமரை உட்கார வைத்துவிட்டுத் தானே போட்டாள்.

குகனைப் பற்றித்தான் தனலெட்சுமி பேசினாள். ஒருநாளும் பிந்தவில்லையாம். பானையைத் தூக்கி வைத்துவிட்டு, முதல் பொட்டலத்தை அவன்தான் வாங்கிச் சாப்பிடுவானாம். மன்னிப்புக் கேட்பதை நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவதில்லையாம். அவள் அவன்மேல் கோபமாக இல்லை. ஆனால் அவளை ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க, ரிப்போர்ட் எழுத வந்தவங்க, எல்லாரும் ஏதேதோ சிக்னல்ங்கிறாங்க, அலைங்கிறாங்க. மேல போய்ட்டிருந்தது ஏன் என் கை மேல வந்து விழுந்துச்சுன்னு எனக்குப் புரியிற மாதிரி ஒருத்தரும் சொல்லல. அதைத் தெரிஞ்சுக்கிட்டா நான் நிம்மதியாத் தூங்குவேன். மேல ஏதாவது சத்தம் கேட்டாலே இப்பல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிறேன்."

வாசு எழுந்தான். ஜன்னல்வரைக்கும் போனான். கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து நாற்காலியில் உட்காராமல் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். தாமரை அடுப்படி வாசலில் நின்றாள்.

"நான் சொல்றேன்க்கா. குகன் ஒண்ணும் பண்ணல. அவன் டிரோன் நல்லாத்தான் போச்சு. நான் என் காடிக்குள்ள பின்சீட்டுல உக்காந்து புது டிரான்ஸ்மிட்டரை ஆன் பண்ணேன். யாரையும் கேக்கல. அவனோடதைவிட நாலு மடங்கு பவர். என்னோட படம் போய் அவன் கண்ணை மறைச்சிருச்சு. பத்துப் பதினஞ்சு செகண்டு அவனுக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது. அது இறங்கி வர்றதைப் பாத்து ஆளுங்க கத்துன சத்தம் கேட்டதும் நான் ஆஃப் பண்ணிட்டு ஓடி வந்தேன். எல்லாரும் அவனைப் பாத்தாங்க. நானும் அவங்களோட நின்னு அவனையே பாத்தேன்."

தனலெட்சுமி கத்தியைப் பலகையின் ஓரத்தில் வைத்தாள்.

"அந்தத் தம்பி பதிமூணு நாளா இருட்டோட வந்து என் மேசையைத் தூக்கி வைக்குது. நீங்க அப்ப தூங்கிட்டு இருந்தீங்களா?"

"தூங்கலக்கா."

"தூங்காம என்ன பண்ணீங்க?"

வாசு பலகையிலிருந்து உருண்ட வெள்ளரித் துண்டை எடுத்து மறுபடியும் பலகையில் வைத்தான். அவள் அதற்குமேல் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். புரிகிற மாதிரி சொன்னதற்கு நன்றி என்றாள். அதைக் கேட்டபோது வாசுவின் தலை இன்னும் தாழ்ந்தது. என்னிடம் சொன்னது பத்தாது, திங்கட்கிழமை அந்தத் தம்பி போகிற இடத்தில் போய்ச் சொல்லுங்கள் என்றாள். சொன்னீர்களா என்று தம்பியிடம் கேட்பேன் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

இருவரும் படி இறங்கி வந்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் வாசு முன்கதவில் சாய்ந்து நின்றான். முதல் நாள் பயமாக இருந்தது என்றான். இரண்டாம் நாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தானாம். மூன்றாம் நாள், இரண்டு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று தோன்றியதாம். அப்படியே ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டே போனதாம். பரீட்சைக்குப் பதிந்தது அதற்குப் பிறகுதான். ஒழுங்காக இருந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தானாம். யாருக்கும் தெரியாது என்பதுதான் தூக்கத்தைக் கெடுத்தது என்றான்.

"குகனுக்குத் தெரியும்," என்றாள் தாமரை.

அவன் நிமிர்ந்தான்.

கார்டைப் பற்றிச் சொன்னாள். சீட் உறையை, பிளாஸ்டரைச் சொன்னாள். முதல் நிமிடத்திலிருந்தே அவனுக்குத் தெரியும் என்று சொன்னாள். வாசு கதவிலிருந்து கையை எடுத்தான். இந்தப் பதின்மூன்று நாளில் குகன் அவனுக்கு எத்தனையோ தடவை போன் செய்திருக்கிறான். சாப்பிட்டீங்களா மாமா, ரொம்ப யோசிக்காதீங்க மாமா என்றுதான் பேசினான். அந்த வார்த்தை ஒவ்வொன்றும் இப்போது வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும். வாசு இரண்டு அடி நடந்தான், திரும்பினான், போனை எடுத்தான்.

குகன் உடனே எடுத்தான். தாமரை போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுக் காரின் மேல் வைத்தாள்.

"உன் கண்ணால பாத்துட்டு எப்படிடா என்கிட்ட பேசுன?" என்றான் வாசு.

குகன், அக்கா பக்கத்தில் இருக்கிறாளா என்று கேட்டான். திங்கட்கிழமை தானே வந்து எல்லாவற்றையும் சொல்லப்போவதாக வாசு சொன்னான். மறுமுனையில் பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டும் ஓசை மட்டும் கேட்டது.

"லேட் மாமா. வியாழக்கிழமையே எழுதி அனுப்பிட்டேன். பறக்கிறப்ப நானே செட்டிங்கை மாத்திட்டேன், என் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். இப்ப நீங்க போய் வேற சொன்னா பொய் எழுதுனவன் நான்னு ஆயிரும். டிரோனை விழவிட்டவனுக்குக்கூட அவங்க லைசென்ஸ் வச்சிருக்க விடலாம். பொய் எழுதுனவனுக்கு விடுவாங்களா?"

தாமரை காரின் மேலிருந்த போனை இன்னும் கிட்டே இழுத்தாள். உண்மையைச் சொன்னால் தம்பி தப்பிப்பான் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதவையும் அவன் உள்ளேயிருந்து பூட்டி வைத்திருக்கிறான்.

வாசு காரின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு போனைப் பார்த்துப் பேசினான். "அதையும் சேர்த்துச் சொல்றேன். எனக்காகத்தான் நீ அப்படி எழுதுனேன்னு சொல்றேன். எட்டு மணிக்கு உன் வீட்டு வாசல்ல நிப்பேன்."

குகன் போனை வைத்துவிட்டான்.

இரண்டு நிமிடம் கழித்து அவனிடமிருந்து செய்தி வந்தது. தாமரைதான் முதலில் படித்தாள். படித்துவிட்டுப் போனை வாசுவிடம் கொடுத்தாள். 'எட்டு மணிக்கு இங்க வராதீங்க மாமா. நான் இருக்க மாட்டேன். தனியா போய்க்கிறேன்.'

வாசு அதை இரண்டு தடவை படித்தான். மேலே போட்ட சட்டையெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது. தாமரையின் முகத்தைப் பார்க்காமல், காரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு, நீ என் முகத்தில் முழிக்க வேண்டாம் என்றால் கொஞ்ச நாள் வெளியே தங்கிக்கொள்கிறேன் என்றான்.

அவளுக்கு அந்த எட்டு மாதத்தில் ஒவ்வொரு மாலையும் கிளினிக்கிலிருந்து வந்து, கதவைத் திறந்து, யாரும் இல்லாத கூடத்தில் விளக்கைப் போட்டது நினைவுக்கு வந்தது. மேலே, மூன்றாவது மாடியில், இந்த மனிதன் யாரும் கேட்காமலே தரையில் போய் உட்கார்ந்ததும் நினைவுக்கு வந்தது. இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

"கிளம்பிப் போறது உங்களுக்குப் பழகிப்போச்சு," என்றாள். "இந்தத் தடவை இருங்க. என்ன நடந்தாலும் இங்கேயே இருந்து பாருங்க. சாவியைக் குடுங்க, நான் ஓட்டுறேன்."

அவன் சாவியைக் கொடுத்துவிட்டுச் சுற்றி வந்து இடப்பக்கம் உட்கார்ந்தான். திங்கட்கிழமை பத்து மணிக்கு இன்னும் ஒன்றரை நாளுக்குமேல் இருந்தது.